நாலு சாண் பின்னல்

ஜெர்மனியில் வளர்ந்த நம் தலைமுறையின் போன ஒன்றுகூடலில் உங்கள் தலைகளை எண்ணினேன். பதினேழு பேர் வந்திருந்தீர்கள். முழு வழுக்கை ஆறு, அரை வழுக்கை ஏழு, சாயம் பூசியது மூன்று. ஒருவர் கடைசிவரை தொப்பியைக் கழற்றவில்லை. அவரை நான் எதிலும் சேர்க்கவில்லை. கோபிக்க வேண்டாம். எழுபதை நெருங்கும் இந்த வயதிலும் எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. படி ஏறினால் படியை எண்ணுவேன், மாத்திரை போட்டால் மிச்சத்தை எண்ணுவேன், தலை சீவினால் சீப்பில் வந்ததை எண்ணுவேன். இப்போது நான்கைந்துக்கு மேல் வருவதில்லை. கொட்டுவதற்குத் தலையில் அவ்வளவு இல்லை. இருந்தும் சீப்பை வெளிச்சத்தில் பிடிக்கும்போதெல்லாம் நெஞ்சு ஒருமுறை திடுக்கிடுகிறது.

அந்தத் திடுக்கிடல் எனக்கு எட்டு வயதில் வந்தது. இரண்டாயிரத்தாறாம் ஆண்டு. நீங்களும் அப்போது இந்த நாட்டின் ஏதோவொரு நகரத்தில், முதுகைவிடப் பெரிய பள்ளிக்கூடப் பையோடு, வீட்டில் ஒரு மொழியும் வாசலுக்கு வெளியே இன்னொரு மொழியுமாக அலைந்துகொண்டிருந்திருப்பீர்கள். ஆகவே நிறைய விளக்கத் தேவையில்லை.

அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. அவளுடைய முடி தொடைக்குக் கீழே போகும். எங்கள் வீட்டில் பெறுமதியான பொருள் எது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், தொலைக்காட்சிப் பெட்டியைச் சொல்லியிருக்க மாட்டேன், அக்காவின் தலையைத்தான் காட்டியிருப்பேன். சனிக்கிழமை முழுக்கு. தேங்காய் எண்ணெய்ப் போத்தல் குளிர் தொடங்கினால் வெள்ளையாக உறைந்துவிடும்; அம்மா அதை ஹீட்டருக்கு மேலே நிறுத்தி வைப்பார். உருகும் எண்ணெயின் மணம் மூன்றாம் மாடியிலிருந்து தெருக் கதவு வரை இறங்கும். முழுகிக் காய்ந்து பின்னி முடித்ததும், பிடரியிலிருந்து நுனிவரை அம்மா சாணால் அளப்பார். பெருவிரல், சின்னவிரல், பெருவிரல், சின்னவிரல். அக்கா கூச்சத்தில் நெளிவாள்.

சீப்பில் வந்த முடியைச் சுருட்டி, மூன்று தரம் துப்பி எறிவது என் வேலை. துப்பாமல் எறிந்தால் யாராவது எடுத்துச் சூனியம் செய்வார்களாம். ஜெர்மனியில் யார் எடுக்கப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒரு நாள் சுருட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா பேச்சுவாக்கில் சொன்னார்:

"ஒரு நாளைக்கு நூறு கொட்டினாப் பயமில்லை. அதுக்கு மேல போனாத்தான் யோசிக்கவேணும்."

பிள்ளைகளிடம் எண்ணைச் சொல்லும்போது பெரியவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அம்மா அதைச் சொன்ன அந்த நிமிடமே மறந்திருப்பார். நான் இன்றுவரை மறக்கவில்லை.

அந்த ஆடி மாதம் ஊரில் அம்மாவின் தகப்பன் செத்துப்போனார். அம்மா தனியே யாழ்ப்பாணம் போனார். நான்கு கிழமையில் திரும்புவதாக ஏற்பாடு. புறப்படும் காலையில், வாசலில் பெட்டியை வைத்துவிட்டு, அக்காவைத் திருப்பி நிறுத்தி ஒருமுறை அளந்தார்.

"சரியா நாலு சாண். நான் வரேக்குள்ள குறைஞ்சிருக்கக் கூடாது. இஞ்சேருங்கோ, உங்களுக்குத்தான் சொல்லுறன்."

"ஓம் ஓம், பாக்கிறன். ரெயின் போகப்போகுது, வாரும்" என்றார் அப்பா.

ஆவணியில் ஊரில் மறுபடி சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஒரே தரைப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துக்குள் இருந்தவர்கள் உள்ளே. கப்பலுக்கும் விமானத்துக்கும் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சனிக்கிழமைகளில் தொலைபேசி அட்டையைச் சுரண்டி நம்பர் அடித்துத் தொலைபேசி எடுப்போம். பத்துத் தரம் அடித்தால் ஒருமுறை கிடைக்கும். அம்மாவின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல வரும். முதலில் எங்களைக் கேட்பார், இரண்டாவதாக அக்காவின் தலையைக் கேட்பார்.

"பிள்ளையின்ர தலைமயிர் எப்பிடி?"

"அது இருக்கு" என்பார் அப்பா.

அப்பாவுக்கு உறைந்த பீட்சா செய்யும் தொழிற்சாலையில் முறை வேலை; ஒரு கிழமை காலை, ஒரு கிழமை இரவு. அங்கே ஒரு முடி விழுந்தால் அந்தத் தட்டு முழுவதும் குப்பைக்கு. நீலநிற வலைத்தொப்பி போட்டு, தாடிக்கும் ஒரு வலை போட்டு வேலை செய்வார். முடி என்றாலே அவருக்கு ஒரு பதற்றம். அந்த மனிதர்தான் வேலையால் வந்து, கையை மூன்று முறை சவர்க்காரம் போட்டுக் கழுவி, அக்காவை முழங்காலுக்கு நடுவில் இருத்திப் பின்னினார். முதல் கிழமை பின்னியது வைக்கோல் கயிறு மாதிரி இருந்தது. அக்கா பள்ளிக்கூடம் போய் மலகூடத்துக்குள் நின்று அவிழ்த்துத் திரும்பப் பின்னுவாளாம். அப்பா காலை முறைக்குப் போகும் நாட்களில் நான் சீவிவிட்டேன். எனக்குக் கை சின்னது, ஆனால் அம்மா செய்வதைப் பார்த்துப் பார்த்து மூன்று பிரி எடுக்கத் தெரிந்திருந்தது.

சீப்பில் வந்ததை எண்ணத் தொடங்கியது அப்போதுதான். முதலில் அறுபது, எழுபது. பயமில்லை. புரட்டாசி முடிவில் நூற்றுப் பத்து. ஒருவேளை தவறாக எண்ணினேனோ என்று திரும்ப எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. அடுத்த கிழமை இருநூறு தாண்டியது. குளிக்கும் தொட்டியின் ஓட்டை அடைத்துத் தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. அப்பா திருகாணியைக் கழற்றி உள்ளேயிருந்து எலி மாதிரி ஒரு கறுப்பு உருண்டையை இழுத்தெடுத்தார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

ஒரு காலை, பின்னுவதற்காகப் பிடரிப் பக்கத்தில் முடியை இரண்டாகப் பிரித்தேன். வலது காதுக்குப் பின்னால் தோல் தெரிந்தது. ஐம்பது சென்ற் காசளவு வட்டம். புதுச் சவர்க்காரம் போல வழுவழுவென்று, ஒரு முடிவேரின் புள்ளிகூட இல்லாமல். விரலை வைத்தேன். சூடாக இருந்தது.

"நோகுதோ?" என்றேன்.

"இல்லை. என்னடா?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாமல் என்னத்துக்குத் தடவுறாய்? கெதியாப் பின்னு, பஸ் போயிடும்."

பின்னினேன். பின்னல் கோணியது. அந்த வட்டத்தை மறைத்து, மேலே இருந்த முடியை இழுத்து ஊசி குத்தினேன். அம்மாவின் கொண்டை ஊசிப் பெட்டியில் இருபத்திரண்டு ஊசி இருந்தது. அன்று ஒன்று போனது. பத்து நாளில் மூன்று வட்டம், ஆறு ஊசி. அதற்குள் அக்காவுக்கும் தெரிந்துவிட்டது. கைக்கண்ணாடியையும் குளியலறைக் கண்ணாடியையும் எதிரெதிராகப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். அவள் அழவில்லை. "அப்பாட்டச் சொல்லாதை" என்றாள். ஆனால் முழுகும் நாளில் அப்பாவின் விரல்களே கண்டுபிடித்துவிட்டன.

அப்பா மேல்மாடி மாமியைக் கூப்பிட்டார். அந்தக் கட்டடத்தில் எங்களைத் தவிர இருந்த ஒரே தமிழ்க் குடும்பம் அவர்களுடையது. மாமி நல்லவர், சோறு மிஞ்சினால் எங்களுக்குத்தான் வரும். எல்லாம் தெரிந்தவர் என்பதுதான் ஒரே குறை. அக்காவின் தலையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"புழுவெட்டு."

"என்ன செய்யிறது?" என்றார் அப்பா.

"புழு வேரைத் தின்னுது. சின்ன வெங்காயமும் மிளகும் உப்பும் அரைச்சுத் தேயுங்கோ. எரியும். எரிஞ்சாத்தான் புழு சாகும்."

நான் மாமியின் பக்கம் போனேன். "மாமி, புழு மூளைக்குள்ளயும் போகுமோ?"

"போனாப் பட்டினி கிடந்து செத்துப்போகும், உன்ர அக்காவின்ர மூளையில திங்க என்ன இருக்கு?" என்று மாமி சிரித்தார். அக்காகூடக் கொஞ்சம் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நகைச்சுவை என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மாமி "போகாது" என்று சொல்லவில்லை.

"டொக்டரிட்டக் காட்டினா என்ன?" என்று அப்பா கேட்டார்.

மாமியின் முகம் மாறியது. கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "அண்ணை, தாயில்லாத வீடு. பொம்பிளைப்பிள்ளை. தலையில மயிர் பிடுங்கினமாதிரிக் கிடக்கு. டொக்டர் என்ன நினைப்பான்? பிள்ளைகள் கந்தோருக்கு ஒரு போன் அடிப்பான். அவங்கள் வந்தா ரெண்டையும் எடுத்துக்கொண்டு போயிடுவாங்கள். பேந்து நீங்கள் குத்துக்கரணம் அடிச்சாலும் ஏலாது."

"ஆரையும் அப்பிடி எடுத்தவங்களோ?"

"எடுத்ததாம். சொன்னவை."

யாரை எடுத்தார்கள், யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நம்முடைய எல்லா வீடுகளிலும் அந்தக் கதை ஓடியது, உங்களுக்கும் நினைவிருக்கும். யுகென்ட்அம்ற் என்ற அந்தச் சிறுவர் நல அலுவலகத்தின் பெயரைக் கேட்டால் சாப்பிடாத பிள்ளையும் சாப்பிடும். அந்தக் கந்தோரிலிருந்து ஒருவரையும் நான் வாழ்நாளில் சந்திக்கவில்லை. ஆனால் அன்று முதல் படிக்கட்டில் தெரியாத காலடி கேட்டால் எங்கள் வீட்டில் மூன்று பேரும் மூச்சை அடக்கினோம். அம்மா எங்கே என்று கேட்டால் வேலைக்குப் போய்விட்டார் என்று சொல்ல வேண்டும். அப்பா எங்கள் இருவரையும் சுவரோரம் நிறுத்திச் சொல்லிப் பழக்கினார். ஜெர்மன் வசனத்தில் அவர் விட்ட பிழைகளை அக்கா திருத்தினாள்.

வெங்காயம் எரிந்தது. தேய்க்கும்போது அக்கா துவாயைக் கடித்துக்கொள்வாள். அவளுடைய கண்ணிலும் என்னுடைய கண்ணிலும் அப்பாவுடைய கண்ணிலும் தண்ணீர் ஓடும். வெங்காயத்தின் சாட்டில் மூன்று பேரும் வசதியாக அழுதோம். தோல் சிவந்து உரிந்தது. முடி வரவில்லை. வட்டங்கள் பெருகின. சில இரண்டு சேர்ந்து ஒன்றாகின. அவற்றை ஒன்று என்று எண்ணுவதா இரண்டு என்று எண்ணுவதா என்று தெரியாமல் தவித்தேன்.

அக்காவும் நானும் ஒரே அறையில் படுப்போம். அப்பா கொண்டுவந்த நீல வலையைப் போட்டுக்கொண்டு அவள் தூங்குவாள். தலையணையில் புழு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்ப்பேன். அவள் தூங்கியதும் என் காதை அவள் தலையில் வைத்துக் கேட்பேன். அரிசிக்குள் வண்டு அரிப்பதுபோல ஏதோ கேட்கும். அது என்னுடைய இரத்த ஓட்டத்தின் சத்தம் என்று பின்னாளில் படித்தேன். அப்போது அது தின்னும் சத்தம். அது உள்ளே போவதற்கு முன் அம்மா வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

அக்காவின் பள்ளிக்கூடத்தில் வியாழக்கிழமை நீச்சல். தண்ணீரில் இறங்கினால் ஊசி கழற்ற வேண்டும். காய்ச்சல், காது வலி, வயிற்றுக்குத்து என்று அப்பா மூன்று கடிதம் கொடுத்தார். நான்காவதற்கு வியாதி கிடைக்கவில்லை. அக்கா நீச்சல் உடுப்பை மறந்துவிட்டேன் என்றாள். வகுப்பாசிரியைதான் நீச்சலுக்கும் பொறுப்பு.

"அவ என்னையே பாத்துக்கொண்டு நிண்டவ அப்பா."

"முகத்தையோ?"

"இல்லை. தலையை."

"அவ கிட்ட வந்தவவோ? தொட்டவவோ?"

"இல்லை. கரையில நிண்டவ. அவ ஒரு நாளும் தண்ணிக்க இறங்கிறேல்லை. றப்பர்த் தொப்பி போட்டுக்கொண்டு கரையிலயே நடப்பா."

கார்த்திகை மாதக் கடைசி வெள்ளியன்று அக்கா ஒரு கடிதத்தோடு வந்தாள். திங்கட்கிழமை நான்கு மணிக்கு வகுப்பாசிரியை வீட்டுக்கு வருவதாக எழுதியிருந்தது. பெற்றோர் இருவரும் இருந்தால் நல்லது. அப்பா அதை இரண்டு முறை படித்தார். மாமியும் வந்து ஒரு முறை படித்தார். ரீச்சர்மார் சும்மா வரமாட்டினம், பின்னால ஆள் வருவினம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கோப்பைகளை அப்பா தானே கழுவினார். பிறகு கதிரையைச் சமையலறை நடுவில் வைத்து, கீழே கடை விளம்பரத் தாள்களை விரித்தார். மீன் வெட்டும் கத்தரிக்கோல் மேசையில் இருந்தது.

"பிள்ளை, வந்து இரு."

அக்கா அசையவில்லை.

"மொட்டை அடிப்பம். கோயிலுக்கு நேத்தி எண்டு சொல்லுவம். இஞ்ச ஊன்ட்றொப்பில இருக்கிற அம்மனுக்கு. சமயத்தில கை வைக்க அவங்களுக்கு ஏலாது, சட்டம் அப்பிடி. மயிர் இல்லாத தலையில புழுவெட்டு ஆருக்குத் தெரியப்போகுது?"

படித்த மனிதர், ஊரில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். பயம் ஒரு மனிதனின் கணக்கை எப்படியெல்லாம் பிழையாக்கும் என்று அன்று பார்த்தேன். எட்டு வயதில் அது எனக்கும் நல்ல யோசனையாகவே பட்டது.

"அம்மா கேட்டா?" என்றாள் அக்கா.

"அம்மாவுக்கு நான் சொல்லுறன். நீங்கள் ரெண்டு பேரும் என்னோட இருந்தாக் காணும்."

அவள் வந்து உட்கார்ந்தாள். அப்பா ஊசிகளைக் கழற்றி என் கையில் தந்தார். பதினான்கு. கடைசியாக ஒருமுறை எண்ணெய் வைத்துச் சீவினார், இறுக்கிப் பின்னினார். அந்த நான்கு மாதத்தில் அவருக்குப் பின்னத் தெரிந்துவிட்டிருந்தது. அம்மா பின்னியது போலவே இருந்தது. மேலேயும் கீழேயும் றப்பர் வளையம் போட்டார். பிடரியில் கத்தரிக்கோலை வைத்தார்.

ஒரே வெட்டில் போகவில்லை. மணலை மெல்வது மாதிரி ஒரு சத்தம், பல தடவை. பிறகு அக்காவின் தலை சட்டென்று முன்னால் துள்ளியது, பின்னாலிருந்து இழுத்துக்கொண்டிருந்த கையை யாரோ விட்டதுபோல. பின்னல் என் கையில் வந்து விழுந்தது. அதற்கு அவ்வளவு பாரம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. உயிருள்ளது போலச் சூடாக இருந்தது.

மிச்சத்தை அப்பா கட்டையாக வெட்டிக்கொண்டு போனார். வெட்ட வெட்ட வட்டங்கள் வெளியே வந்தன. நீளமான முடியின் கீழே ஒளிந்திருந்ததெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. நான் வாய்விட்டு எண்ணினேன். ஒன்பது. பத்தாவது உச்சியில் தொடங்கியிருந்தது. அப்பா என்னை எண்ணாதே என்று அதட்டினார். பாதித் தலையில் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். மழித்தால் மறையும் என்று நினைத்தது, இப்போது தெருவில் போகிறவனுக்கும் தெரியும்.

"ஐயோ" என்றார் மெதுவாக. "நான் அடிச்சுப் பிடுங்கினதெண்டெல்லோ நினைப்பாங்கள்."

தாள் விரித்த நிலத்தில், வெட்டிய முடியின் நடுவே, அப்படியே குந்திவிட்டார். அக்காதான் எழுந்துபோய் அம்மாவின் கம்பளிச் சால்வையை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டாள். பின்னலை அப்பா ஒரு தாளில் சுற்றி உள்ளே கொண்டுபோனார்.

திங்கட்கிழமை நான்கு மணிக்கு மணி அடித்தது. நான் யன்னலால் எட்டிப் பார்த்தேன். பின்னால் ஆள் யாரும் இல்லை. வெளியே காற்றும் தூறலுமாக இருந்தது. ஆசிரியை படியேறி வந்தார், மழைச் சட்டையைக் கழற்றினார். தேன் நிறத் தலைமுடி. அவ்வளவு காற்றிலும் ஒரு இழைகூடக் கலையவில்லை.

அவர் வணக்கம் சொல்லி முடிக்குமுன் நான் பாடமாக்கியதைச் சொல்லிவிட்டேன். "இது கோயிலுக்காக! அம்மா வேலைக்குப் போய்விட்டார்!"

"அப்படியா?" என்றார் அவர். "நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லையே."

அப்பா தேநீர் வைத்தார். ஆசிரியை ஜெர்மனில் மெதுவாகப் பேசினார், அக்கா தமிழில் அப்பாவுக்குச் சொன்னாள். சால்வையைக் கழற்றலாமா என்று ஆசிரியை அக்காவிடம் கேட்டார். அப்பா எழுந்து இருவருக்கும் நடுவில் நின்றார். "இல்லை" என்றார். அவருடைய ஜெர்மனில் அதுவே உறுதியான சொல்.

ஆசிரியை தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் தன் நெற்றிப் பொட்டுகளுக்குக் கொண்டுபோனார். தன் தலைமுடியைத் தூக்கினார். அது முழுவதுமாகக் கையோடு வந்தது.

நான் கத்திவிட்டேன். மேசைக்குக் கீழே போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன். புழு தின்று முடித்த தலை இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். முட்டைபோல, ஒன்றுமே இல்லாமல். புருவம்கூட வரைந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. மேலே மாமி வீட்டில் குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"எனக்குப் பதினாறு வயதில் தொடங்கியது" என்றார் ஆசிரியை. "வட்டம் வட்டமாகத்தான். நானும் ஊசி குத்தி மறைத்தேன். உங்கள் மகள் ஊசி குத்தியிருந்த இடங்களைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் வந்தேன்."

அக்கா மொழிபெயர்க்க மறந்து நின்றாள். அப்பா அவளைத் தட்டினார். "என்னவாம்?"

"இது ஒரு வருத்தமாம் அப்பா. உடம்பே தன்ர முடியை வேண்டாமெண்டு தள்ளுதாம். தொத்தாதாம். ஆரும் செய்ததில்லையாம்."

"புழு?"

"புழு இல்லையாம்."

"வடிவாக் கேள்."

அக்கா கேட்டாள். புழு என்றதும் ஆசிரியை முகத்தைச் சுருக்கினார். பிறகு விளங்கி, மேசைக்குக் கீழே குனிந்து என்னைப் பார்த்து, "புழு இல்லை. ஒன்றுகூட இல்லை" என்றார். எனக்குத் தேவைப்பட்டது ஒரு எண்தான். பூச்சியம்.

அப்பா கதிரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். "கேள் பிள்ளை, உங்களை எடுக்க ஆக்கள் வருவினமோ எண்டு கேள்."

அக்கா கேட்டாள். ஆசிரியைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் கண்கள் கலங்கின. அப்படி நினைத்துக்கொண்டா இவ்வளவு நாளும் இருந்தீர்கள் என்றார். பிறகு எல்லாம் வந்தது: யாழ்ப்பாணம், பூட்டிய பாதை, கப்பல், தொலைபேசி அட்டை. அப்பா தமிழில் சொன்னார், பாதியில் ஜெர்மனுக்குத் தாவினார், இரண்டையும் கலந்தார். அக்கா சால்வையைத் தானே அவிழ்த்தாள். ஆசிரியை அந்த அரைகுறைத் தலையைப் பார்த்துவிட்டு, கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி மிச்சத்தை அளவாக வெட்டிவிட்டார். ஒரு தோல் வைத்தியரைப் பார்க்க ரேர்மின், நாளும் நேரமும், எடுத்துத் தருவதாகச் சொன்னார். வெங்காயத்தை நிறுத்தச் சொன்னார். புறப்படும்போது குளியலறைக் கண்ணாடியில் பார்த்து முடியைப் போட்டுக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"நேராக இருக்கிறதா?"

"கொஞ்சம் இடப்பக்கம்" என்றேன். சரிசெய்துகொண்டார்.

பயம் அதோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. கந்தோர்ப் பயம் போன இடத்தில் அம்மாப் பயம் வந்து குந்தியது. முடி திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் வைத்தியர். சனிக்கிழமைகளில் அம்மா கேட்டார், அப்பா "அது இருக்கு" என்றே சொன்னார். பொய்யும் இல்லை, அது வீட்டில்தான் இருந்தது. எங்கே என்று எங்களுக்குத் தெரியாது.

மாசி மாதம் அம்மாவுக்குக் கப்பலில் இடம் கிடைத்து, தலைநகர் வழியாக விமானம் ஏறினார். டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் கதவு திறந்தபோது என்னால் அவரை அடையாளம் காண முடியவில்லை. அவ்வளவு மெலிந்திருந்தார். அக்கா கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தாள். அம்மா அவளைக் கட்டிப்பிடித்து, தொப்பியைத் தொட்டு, "குளிரோ பிள்ளைக்கு?" என்றார். முதுகைத் தடவிய கை கீழே எதையோ தேடியது. மேல்சட்டைக்குள் இருக்கிறது என்று நினைத்திருப்பார். ரயிலில் சொல்வதாக அப்பா எங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாயைத் திறந்தார். பதினொரு நிறுத்தம். திறந்த வாயால் ஊர்ப் புதினம் கேட்டார்.

வீட்டுக்குள் வந்ததும் அம்மா முழுகப் போகிறேன் என்று மாற்றுச் சேலை எடுக்க அலுமாரியைத் திறந்தார். அப்பா சப்பாத்தோடு அறை வாசலில் நின்றார். எங்கள் வீட்டில் யாரும் சப்பாத்தோடு உள்ளே வருவதில்லை. அலுமாரிக்குள் அம்மாவின் கை நின்றது. கூறைச் சேலைக்குக் கீழிருந்து தாள் சரசரக்கும் சத்தம் கேட்டது.

அம்மா திரும்பினார். இரண்டு கைகளிலும், குழந்தையைத் தாங்குவதுபோல, பின்னல் இருந்தது. பூச்சி உருண்டை மணத்தோடு பழைய எண்ணெய் மணமும் அறைக்குள் வந்தது. அக்கா தொப்பியைக் கழற்றினாள். கட்டை முடிக்கு நடுவே வட்டங்கள். அவற்றில் இரண்டில் மட்டும் வெள்ளை நிறத்தில், பஞ்சுபோல, புதுமுடி முளைத்திருந்தது. பன்னிரண்டு வயதுத் தலையில் நரை. பிறகு அது கறுத்தது. இன்றும் அவளுடைய இடது காதுக்கு மேலே ஒரு வட்டம் வெறுமையாகத்தான் இருக்கிறது.

"இஞ்சேரும்" என்று அப்பா தொடங்கினார்.

அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அக்காவை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, வெள்ளைப் பஞ்சை ஒரு விரலால் தடவினார். கத்தப்போகிறார் என்று நான் கதவின் விளிம்பைப் பிடித்திருந்தேன். அவர் கத்தவில்லை. பின்னலை மடியில் நீட்டி வைத்தார். பெருவிரல், சின்னவிரல், பெருவிரல், சின்னவிரல். நாலு சாண் முடிந்தது. பின்னல் முடியவில்லை. மிச்சத்தின் மேல் விரல்களைச் சேர்த்து வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று.

விழுந்ததையெல்லாம் எண்ணிய எனக்கு அதை அளக்க ஒருநாளும் தோன்றவில்லை.

"மூண்டு விரல் வளந்திருக்கு" என்றார் அம்மா, நிமிர்ந்து அப்பாவைப் பார்த்து. "நல்லாத்தான் பாத்திருக்கிறியள்."

அப்பா அந்த இடத்திலேயே, வாசற்படியில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். நாடா முடிச்சு அவருடைய கைக்கு அவிழவில்லை. அக்கா போய் அவிழ்த்துவிட்டாள்.